கக்கத்துச் சூடு

கோகுலகிருஷ்ணன் இடது கக்கத்தில் ஒரு கோழிமுட்டையை இடுக்கிக்கொண்டு, வலது கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பல் தேய்ப்பதில் இவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று போன வாரம்வரை அவனுக்குத் தெரியாது. இடது தோள் அசையக் கூடாது. வாய் கொப்பளிக்கக் குனியும்போது கை விலகக் கூடாது. தும்மல் வந்தால் அடக்க வேண்டும். மார்கழி மாதம், திண்டிவனத்தில், விடிந்தும் விடியாமலும் தண்ணீர்த் தொட்டியருகே பனியனோடு நிற்கிறவனுக்குத் தும்மல் வராமல் வேறு என்ன வரும்?

"ஏங்க, இன்னும் ஆவலியா?" சமையற்கட்டிலிருந்து கலைப்பிரியாவின் குரல் வந்தது.

"தோ வர்றேன்" என்றான் நுரையோடு.

"ஒண்ணும் அவசரம் இல்ல. நிதானமாவே வாங்க."

நல்ல மனைவி. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு, கோழிக்கூண்டுப் பக்கம் போனான். கக்கத்திலிருந்து முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பதமான சூடு. வைக்கோல் போட்ட கூடையில் அதை மெதுவாக வைத்தான். ஐந்து கோழிகளும் ஒரு சேவலும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு வாய் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே மானம் போயிருக்கும்.

இந்தக் கூத்து ஏன் என்று சொல்லிவிட வேண்டும்.

கோகுலகிருஷ்ணனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இ-சேவை மையம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று தினமும் அறுபது பேராவது அவனிடம் வந்து பேசுவார்கள். காது கேட்காத கிழவரிடமிருந்துகூட ஆதாரோடு சேர்த்த போன் நம்பரைப் பத்தே நிமிடத்தில் வாங்கிவிடுவான். அப்பேர்ப்பட்ட பேச்சுக்காரனுக்கு, ஆவணியில் கல்யாணமாகி வந்த மனைவியிடமிருந்து ஒரு முழு வாக்கியத்தை வாங்க முடியவில்லை.

"சாப்ட்டியா?"

"ம்."

"ஞாயித்துக்கெழம திருவக்கரைக்குப் போயிட்டு வரலாமா? கல்லா மாறின மரமெல்லாம் இருக்கு."

"உங்க இஷ்டம்."

கோபமெல்லாம் இல்லை. முகையூரில் பிறந்து, முகையூரிலேயே படித்து, அப்பாவின் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி, கடலை உரித்து வளர்ந்த பெண். அவனுடைய அப்பா அம்மா விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். திண்டிவனத்து வாடகை வீட்டில் பகல் முழுக்க அவள் ஒருத்திதான். ஒரு வீட்டில் புதிதாக வந்து உட்கார்ந்த விருந்தாளியைப் போலவே நாலு மாதமாக இருந்தாள்.

அவள் வாய் திறந்து பேசியது கோழிகளிடம் மட்டும். அவளுடைய அப்பா பெரியதம்பி, கல்யாணமாகி மூன்றாம் நாள் ஐந்து கோழியையும் ஒரு சேவலையும் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். "அவ வளத்தது மாப்ள. அதுங்க இல்லாம இருக்க மாட்டா" என்று போனில் சொன்னார். அது உண்மைதான். கறுப்பி, கொண்டைக்காரி, நொண்டி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தவிட்டைப் பிசைந்து போட்டுக்கொண்டே அவள் கதை கதையாகப் பேசுவாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் ஒட்டுக்கேட்பான். கோழியைப் பார்த்து வயிறெரிந்த முதல் பட்டதாரி அவனாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் கோழிகளால்தான் அவனுக்கு ஒரு நல்லதும் நடந்துகொண்டிருந்தது. காலையில் ஏதாவது ஒன்று முட்டை போட்டுவிட்டுக் கொக்கரிக்கும். கலைப்பிரியா ஓடிப்போய் எடுத்துவந்து, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுவாள்.

"சூடா இருக்கு பாருங்க."

அவ்வளவுதான். முட்டையின் சூடு ஒரு நிமிடம், அவள் விரலின் சூடு ஒரு நொடி. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியதுதான்: அதுவரைக்குமான அவனுடைய தாம்பத்தியம் மொத்தமும் அதற்குள் அடங்கியிருந்தது. அதை நினைத்துக்கொண்டே நாள் முழுக்க வருமானச் சான்று போடுவான்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் கறுப்பி முட்டை போடவில்லை. அந்த வாரத்துக்குள் மற்ற நாலும் நிறுத்திவிட்டன. கொல்லை முழுக்க இறகு பறந்தது. கோழிகள் பாதி உரித்த மாதிரி அலைந்தன. கலைப்பிரியா காலையில் வெறுங்கூடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள். கோழிகளிடம் பேசுவதும் குறைந்துவிட்டது.

ஒரு சாயந்திரம் சோறு போட்டுக்கொண்டே, தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "அதுங்களுக்கு இந்த எடம் ஒத்துக்கல போல இருக்கு. எங்கப்பாவ வந்து கூட்டிக்கினு போவச் சொல்லட்டுமா?"

நாலு மாதத்தில் அவள் அவனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"கோழியத்தானே?" என்றான் அவன்.

"கூட நானும் ஒரு பத்து நாளு போயிட்டு வர்றேன்."

பத்து நாள் என்றால் என்ன என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் யாரும் கிடையாது. மையத்துக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவன் அதைத்தான் சொல்லி அனுப்புகிறான். "பத்து நாள்ல வந்துடுங்க." எது வந்திருக்கிறது?

மறுநாள் மையத்தைத் திறந்ததும் பக்கத்து டீக்கடைக்குத்தான் ஓடினான். கடைக்காரன் பூவரசன் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"மச்சி, அவசரமா நாட்டுக்கோழி முட்ட வேணும். எங்க கெடைக்கும்?"

"இந்த மாசத்துலயா? நானே ஆம்லெட்டுக்குக் கேட்டு அலையறேன். கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டேன், எவன் வூட்லயும் இல்ல. இன்னாத்துக்கு?"

கோகுலகிருஷ்ணன் விஷயத்தைச் சொன்னான். பூவரசன் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். பிறகு முட்டை அட்டையிலிருந்து இருப்பதிலேயே சின்னதாக ஒரு வெள்ளை முட்டையை எடுத்து, ஆறிப்போன டிகாஷனில் போட்டான்.

"இன்னாடா பண்ற?"

"கொஞ்ச நேரம் ஊறட்டும். கலர் புடிச்சிக்கும். அப்புறம் நீயே பாரு, எது நாட்டுக்கோழி, எது பண்ணக்கோழின்னு அந்தக் கோழிக்கே தெரியாது."

அப்படித்தான் முதல் முட்டை, லேப்டாப் பையில் மவுஸ் வைக்கிற பையறைக்குள் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் விடிகாலையில் அதைக் கூடையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்து பேப்பரை விரித்தான். கொஞ்ச நேரத்தில் கலைப்பிரியா வந்தாள். அவள் கையில் முட்டை இருந்தது.

"போட்டுடுச்சி" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பழையபடி அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மூடியவள், கையை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆனா ஜில்லுனு இருக்கு."

"பனியா இருக்கும்" என்றான் அவன்.

அவள் முட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பேப்பரையும் பார்த்தாள். அது தலைகீழாக இருந்ததை அவள் போன பிறகுதான் அவன் கவனித்தான்.

அன்றைக்குக் கண்டுபிடித்ததுதான் கக்கம்.

ஒரு பொய்க்குக் கால் கிடையாது, அதனால்தான் நாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. பூவரசன் தினமும் ஒரு முட்டையை ஊறப்போட்டு வைப்பான். கோகுலகிருஷ்ணன் அதைக் கொண்டுவந்து, காலையில் அரைமணி நேரம் கக்கத்தில் வைத்துப் பதமாக்கி, கூடையில் சேர்ப்பான். கலைப்பிரியா வந்து எடுப்பாள். "சூடா இருக்கு பாருங்க" என்பாள். அவள் விரல்கள் முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் இருப்பது மாதிரி அவனுக்குத் தோன்றும். அப்பா வந்து கூட்டிப்போகிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

முதல் விபத்து பூவரசனால் வந்தது. ஒருநாள் கடையில் கூட்டம். டிகாஷன் அடுப்பில் இருந்ததை மறந்து முட்டையைப் போட்டுவிட்டான். அது அங்கே ஒரு மணி நேரம் கொதித்தது. கோகுலகிருஷ்ணன் அது தெரியாமல் கொண்டுவந்து, அக்கறையாகச் சூடேற்றி, கூடையில் வைத்துவிட்டான்.

கலைப்பிரியா ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டு, கிண்ணத்து விளிம்பில் முட்டையைத் தட்டினாள். உடையவில்லை. இன்னொரு தட்டு. ஓடு நொறுங்கியது, ஒன்றும் ஒழுகவில்லை. அவள் நிதானமாக ஓட்டை உரித்தாள். வழவழவென்று அவித்த முட்டை வெளியே வந்தது.

கோகுலகிருஷ்ணன் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தான்.

"இன்னா இது?" என்றான், அவளுக்கு முன்னால் தானே கேட்டுவிடுவது நல்லது என்று.

அவள் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கறுப்பிக்கு ஒடம்பு சூடு போல. உள்ளயே வெந்து போயிருக்கு."

"அப்படிக்கூட ஆவுமா?"

"எங்க ஊர்லயும் ஒரு கோழிக்கு இப்படி ஆச்சி. மோர் ஊத்திப் பழைய சோறு வச்சா சரியாப் போயிடும்" என்றாள். உப்பும் மிளகும் தூவி, முட்டையை இரண்டாக அறுத்து, பெரிய பாதியை அவனுக்கு வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பாவம், எவ்வளவு வெள்ளந்தியான பெண், இவளையா ஏமாற்றுகிறோம் என்று அவனுக்கு நெஞ்சு அடைத்தது. அவித்த முட்டை வேறு தொண்டையில் அடைத்தது.

இரண்டாவது விபத்தின் பெயர் குப்பம்மாள். வீட்டுக்காரம்மா. பக்கத்து வாசல். மார்கழியில் கலைப்பிரியா வீட்டில் முட்டை கிடைக்கிறது என்று தெரிந்ததும் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"எனக்கு இடுப்பு புடிச்சிக்கினு கெடக்குது பாப்பா. நாட்டுக்கோழி முட்டய நல்லெண்ணெயில கலக்கிக் குடிச்சாத்தான் கேக்கும். தெருவுல ஒருத்தி வூட்லயும் இல்ல. உங்க வூட்லதான் அதிசயமா போடுதாமே."

"தர்றேன்க்கா. நாளையிலேர்ந்து ரெண்டு போடும்" என்றாள் கலைப்பிரியா.

கோகுலகிருஷ்ணன் திடுக்கிட்டான். "ரெண்டு எப்படிப் போடும்?"

"கொண்டைக்காரிக்கும் மூஞ்சி செவந்திருக்குங்க. பாருங்க, நாளைக்குப் போட்டுடும்."

மறுநாள் கொண்டைக்காரியும் போட்டது. கோகுலகிருஷ்ணன் வலது கக்கத்திலும் ஒன்றை வைத்துக்கொண்டான். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருக்க, பல் தேய்ப்பது முடியாத காரியமாகி, மூன்று நாள் வெறும் வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனான்.

குப்பம்மாளுக்கு ஒரே வாரத்தில் இடுப்பு நிமிர்ந்துவிட்டது. "கட முட்டயும் இதுவும் ஒண்ணாவுமா?" என்று தெருக்குழாயடியில் நின்று முழங்கினாள். "இதுல ஒரு வாசன இருக்குது பாரு, லேசா ஏலக்காய் வாசன. கட முட்டயில வருமா அது?"

பூவரசன் டீயில் ஏலக்காய் கொஞ்சம் தாராளமாகவே போடுவான்.

குழாயடிச் செய்தி மூன்றே நாளில் மூன்று தெரு தாண்டியது. பெண்கள் வந்து கலைப்பிரியாவிடம், என்ன தீனி போடுகிறாய் என்று கேட்டார்கள்.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றாள் அவள். "எல்லாம் அவர்தான். விடிகாலையில நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே எழுந்து போயி, பனியில நின்னுக்கினு, அதுங்கள பாத்துக்கறாரு. அப்படி ஒரு அக்கற."

உடனே அவர்கள் இ-சேவை மையத்துக்கு வந்துவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் வரிசையில் காத்திருக்க, நாலு பெண்கள் மடியில் கோழியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கோகுலகிருஷ்ணன் வாய்க்கு வந்தபடி, "கேப்பயும் மல்லாட்டப் புண்ணாக்கும் சம அளவு. காலையில வெறும் வயித்துல" என்றான். ஒருத்தி அதை அச்சிட்டுத் தரச் சொன்னாள்.

வெளியே எல்லாம் பேஜாராகிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் ஒன்று நடந்தது. கலைப்பிரியா பேச ஆரம்பித்திருந்தாள்.

எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் முட்டையை அவன் கையில் வைத்தவள், உள்ளே போகாமல் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குத் தெரியாமல் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றுக்கொண்டது, மாட்டிக்கொண்டபோது ஆடு தள்ளிவிட்டதாகப் பொய் சொன்னது, அப்பா அந்த ஆட்டைத் திட்டியது என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது என்பது கல்யாணமாகி ஐந்தாவது மாதத்தில் அவனுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மையத்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தான். அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. எல்லாம் ஒரு பொய் முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு உண்மை தெரிந்தால், இந்தச் சிரிப்பும் போய்விடும், இவளும் போய்விடுவாள்.

அப்படி நினைத்த வாரத்திலேயே அவள் சொன்னாள்: "எங்கப்பாகிட்ட போன்ல சொன்னேன், கோழிங்க நல்லா முட்ட போடுதுன்னு. ஆச்சரியப்பட்டாரு. தலப்பொங்கலுக்கு வரிச கொண்டாரும்போது வந்து பாக்கறேன்னு சொல்லிட்டாரு."

பெரியதம்பி மாமனார் சாதாரண ஆளில்லை. ஆட்டைத் தடவிப் பார்த்து எத்தனை குட்டி என்பவர். கோழியைக் கையில் தூக்கினாலே அது கடைசியாக எப்போது முட்டை போட்டது என்று சொல்லிவிடுவார் என்று முகையூர் பக்கம் பேச்சு.

இனி நிஜ முட்டைதான் காப்பாற்ற வேண்டும். கோகுலகிருஷ்ணன் கறுப்பியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் லூர்துமேரி கறுப்பியின் இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு வியாதியும் இல்லைங்க. கார்த்திகை, மார்கழியில பகல் குறைஞ்சிடுதில்ல? கோழிக்குக் கண்ணுல படுற வெளிச்சத்த வச்சித்தான் உடம்பு முட்டைய உருவாக்கும். வெளிச்சம் குறைஞ்சா அந்த வேலையும் நின்னுடும். அதோட இறகு மாத்துற நேரம். தின்னுறதெல்லாம் புது இறகுக்கே போயிடும். முட்டைக்கு எங்க மிச்சம் இருக்கும்?"

"அப்ப எடம் புடிக்காம இல்லியே டாக்டர்?"

"எடம் புடிக்காம கோழி எங்கங்க போகப்போகுது? வருஷம் பூரா வேலை செஞ்சதுக்கு லீவு எடுக்குது. நீங்க ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறக்குறீங்களா?"

"இல்லீங்க."

"அதேதான். பகல் நீள ஆரம்பிச்சா தானா போடும். தை பொறந்தா வழி பொறக்கும், பின்னாலேயே முட்டையும் பொறக்கும். வீட்டுல சொல்லுங்க, புரிஞ்சிக்குவாங்க."

முதல் நாளே இங்கே வந்திருந்தால் இந்த ஒரு வார்த்தையை வீட்டில் போய்ச் சொல்லி முடித்திருக்கலாம். இப்போது எப்படிச் சொல்வது? கோழி மார்கழியில் முட்டை போடாது என்று சொன்னால், அப்படியானால் நாம் தினமும் தின்றது என்ன என்று கேட்பாளே. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"பொங்கலுக்குள்ள போட வைக்க முடியாதா டாக்டர்?"

"பண்ணையில லைட்டு போடுவாங்க. வெளிச்சம் பதினாலு மணி நேரம் கிடைச்சா போடும். ஆனா அதுக்கும் சில வாரம் ஆகும். ஓய்வு எடுக்குறத ஏன் எழுப்புறீங்க, விடுங்க."

அவன் விடவில்லை. டாக்டர் சொன்ன பதினாலு மணி நேரத்தை இருபத்துநாலாக்கினால் சீக்கிரம் பலிக்கும் என்று கணக்குப் போட்டு, கூண்டுக்கு மேல் பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான்.

"இன்னாத்துக்குங்க பல்பு?" என்றாள் கலைப்பிரியா.

"பாம்பு வருதாம் இந்தப் பக்கம்."

"ஆமாமா. பாம்பு வந்தா மொதல்ல முட்டையத்தான் தின்னும்" என்றாள் அவள். "பத்திரமா வையுங்க."

கோழிகள் முட்டை போடவில்லை. சேவலுக்குத்தான் எப்போது விடிந்தது, எப்போது விடியவில்லை என்கிற கணக்கு அறுந்துபோனது. மறுநாள் காலையில் குப்பம்மாள் வீங்கிய கண்களோடு வாசலில் நின்றாள்.

"உன் சேவலுக்கு இன்னா தம்பி கேடு? பன்னெண்டுக்குக் கூவுது, ஒண்ணுக்குக் கூவுது, ஒண்ணரைக்குக் கூவுது. நான் நாலு தடவ எழுந்து வாச தெளிச்சிட்டேன்."

மூன்றாம் நாள் பல்பைக் கழற்றினான். அதற்குள் தூக்கம் கெட்ட சேவல் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்திருந்தது.

பொங்கல் விடிந்தது. மாமனார் பத்து மணிக்கு வருவார் என்று கணக்கு. அதற்குள் கூடையில் இரண்டு முட்டை வைத்து, இதோ போட்டிருக்கிறது என்று காட்டிவிட்டால், மனிதர் கோழியைத் தூக்கிப் பார்க்காமலே போகலாம். அப்படியொரு நப்பாசை. பூவரசன் பண்டிகைக்குக் கடை அடைத்துவிட்டதால் கைவசம் ஒரே ஒரு முட்டைதான் இருந்தது. அதைக் கக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஆட்டோ சத்தம்.

"ஏங்க, அப்பாவும் அம்மாவும் வந்துட்டாங்க. மொத பஸ்சுலயே வந்துட்டாங்க" என்று கலைப்பிரியா கத்தினாள்.

கோகுலகிருஷ்ணன் முட்டையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பெரியதம்பி கரும்புக்கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார். மாமியார் சின்னபொண்ணு மஞ்சள் கொத்தும் புதுப்பானையுமாக இறங்கினார்.

"வாங்க மாமா, வாங்க அத்த" என்று ஒரு கையால் கும்பிட்டான்.

"நல்லா இருக்கீங்களா மாப்ள? எங்க கோழிங்க?" என்றார் பெரியதம்பி.

தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனார். கறுப்பியைப் பிடித்தார். மல்லாத்தினார். இறகை விலக்கிப் பார்த்தார், பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். கொண்டைக்காரியை எடுத்தார். அதற்கும் ஒரு "ம்". ஐந்து கோழிக்கும் ஐந்து "ம்" முடிந்து அவர் திரும்பியபோது கோகுலகிருஷ்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. முட்டை வழுக்க ஆரம்பித்தது.

"சரி, நல்ல நேரம் போவுது. மொதல்ல வரிசைய வாங்கிக்குங்க மாப்ள" என்றார்.

நடுவீட்டில் சின்னபொண்ணு பித்தளைத் தாம்பாளத்தை நீட்டினார். அதில் வேட்டி, சட்டை, புடவை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், பூசணிக்காய் என்று ஏகப்பட்ட கனம். வேடிக்கை பார்க்கக் குப்பம்மாளும் வந்து நின்றாள். கோகுலகிருஷ்ணன் வலது கையை நீட்டினான்.

"தலப்பொங்க வரிசைய ஒத்தக் கையால வாங்கக் கூடாது மாப்ள" என்றார் மாமியார்.

அவன் முழங்கையை விலாவோடு ஒட்டியபடியே இடது கையையும் நீட்டினான். தாம்பாளம் கையில் இறங்கியது. பூசணிக்காய் ஒரு பக்கமாக உருண்டது. அதைப் பிடிக்க இடது கை தன்னால் மேலே போனது.

முட்டை சட்டைக்குள்ளேயே விலா வழியாக இறங்கி, இடுப்பில் ஒரு கணம் தயங்கி, அவன் காலடியில் விழுந்து உடைந்தது.

பின்வாசல் வழியாக உள்ளே வந்த கறுப்பி, மஞ்சள் கருவை இரண்டு கொத்து கொத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது.

"இன்னா தம்பி, முட்ட உங்கிட்டேர்ந்து வருது?" என்றாள் குப்பம்மாள். "அப்ப நான் இத்தினி நாளா குடிச்சது?"

"கட முட்டக்கா. டீ டிகாஷன்ல ஊறப்போட்டது" என்றான் அவன்.

"அதான் அந்த ஏலக்காய் வாசனயா" என்றவளின் கை தன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

கலைப்பிரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று கோகுலகிருஷ்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தாம்பாளத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

"மாமா, கோழிங்க ஒரு மாசத்துக்கு மேல போடல. நான்தான் தினமும் கொண்டாந்து வச்சேன். பொய்தான். தப்புதான். போடலன்னா கலை மனசு விட்டுடுமோன்னு பயந்துட்டேன். இந்த வூட்டுல அது சிரிச்சதே அந்த முட்டையப் பாத்துத்தான். டாக்டரம்மா சொன்னாங்க, எடம் புடிக்காம இல்லியாம், பகல் கொறஞ்சதுதானாம். தை பொறந்துடுச்சி, இனிமே அதுவே போட்டுடும். கோழிங்கள கூட்டிக்கினு போயிடாதீங்க. கலையயும்."

பெரியதம்பி மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்து, தாம்பாளத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நீயே சொல் என்பதுபோல மனைவி பக்கம் பார்த்தார்.

சின்னபொண்ணு குனிந்து ஓட்டுச்சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். "எங்க வூட்லயும் கார்த்திகையில நிறுத்துச்சின்னா மாசியிலதான் போடும் மாப்ள. சின்ன வயசுலேர்ந்து பாத்து வளந்தவ, அது அவளுக்குத் தெரியாதா? உங்ககிட்ட கோழிய சாக்கு சொல்லிட்டு, எங்கிட்ட 'எனக்கு இங்க இருக்க முடியலம்மா, அப்பாவ அனுப்பிக் கூட்டிக்கினு போயிடுங்க'ன்னு போன்ல அழுதா. நாங்களும் வண்டி பேசிட்டோம்."

"அத்த?"

"ரெண்டு நாள் கழிச்சி அவளே போன் பண்ணி, 'அப்பாவ அனுப்பாதம்மா, கோழிங்க நிறுத்திடுச்சி, இப்ப எனக்காக அவரே போட ஆரம்பிச்சிட்டாரு'ன்னா."